பிழைச் சிற்பம்

இழைக்கும் பிழைக்கும் நடுவே ஒரே ஒரு ப்தான், எங்கிருந்தோ வந்து நின்றது, என்னுடைய இ போய் அதன் மேல் ஏறிக்கொண்டது. மணி பதினொன்று ஐந்து. பன்னிரண்டுக்குச் செயலாளர் திரும்பி வருவார். மடியில் அவர் கொடுத்துவிட்டுப் போன படிவம், கைப்பையில் சிவப்புப் பேனா, எதிர்ச் சுவரில் மன்றத்தின் ஊதா முத்திரை குத்திய சீட்டு, அதில் என் பெயருக்கு மேலே கொட்டை எழுத்தில் பிழைச் சிற்பம். நான் எழுதிக் கொடுத்தது இழைச் சிற்பம். நாரிழை, நூலிழை என்கிறோமே அந்த இழை. விண்ணப்பத்தில் தெளிவாகத்தான் எழுதியிருந்தேன், இருபத்தொன்பது வருடம் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திய கை, அதைக் குறை சொல்ல யாராலும் முடியாது. சீட்டுகளைத் தட்டச்சு செய்த ரெஜினா காலையில் வந்து, கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறையாகச் சொன்னாள், "அக்கா, நான் இழைன்னுதான் அடிச்சேன், அதுவாப் பிழைன்னு போட்டுக்கிச்சு." இருக்கும். கணினிக்கு இழையைவிடப் பிழையைத்தான் நன்றாகத் தெரியும், ஊரில் எத்தனை பேர் இழையைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் ஒன்று, நடுவில் ச் மட்டும் சரியாக விழுந்திருக்கிறது. பிழையிலும் சந்திப்பிழை இல்லை. இந்த நேரத்தில் இதைப் பார்த்துத் திருப்திப்படுகிறவளை எந்த ஆஸ்பத்திரியில் சேர்ப்பது.

பதினொரு மணிக்குச் செயலாளர் ஆராவமுதன் வந்து என் முதுகைச் சுற்றி நடந்தார். என் முதுகை என்றால் நான் செய்த முதுகை, உருவமே அதுதான், கூரை வளையத்திலிருந்து தொங்குகிறது, ஆளுயரத்துக்கு மேல் ஒரு முழம், கீழே தரையைத் தொடாமல் நாலு விரல் இடைவெளி. ஒரு சுற்றுச் சுற்றினார், எதையோ தவறவிட்டவர் மாதிரி இன்னொரு சுற்று. "முகம் எங்கம்மா வருது?" "வராதுங்க." "முன்பக்கம்?" "அதுவும் முதுகுதாங்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பொன்னி நுண்கலை மன்றத்தில் பதினான்கு வருடமாகச் செயலாளர், கோபத்தைக் கண்ணாடியில் துடைத்துவிடும் பழக்கம். "இதுக்கு என்னம்மா உபயோகம்?" "ஒன்னும் இல்லீங்க." "அப்படிச் சொல்லிட்டா எப்படி. ஊஞ்சல் மாதிரி, திரை மாதிரி, ஏதாவது இருக்கணுமே." "உபயோகம் இருந்தாத்தான் கைவினைன்னு உங்க விதிப் புத்தகத்துல போட்டிருக்கு. அதனாலதான் சிற்பப் பிரிவுல குடுத்தேன்." அவர் சிரித்தார், நல்ல சிரிப்பு, ஆளும் கெட்டவர் இல்லை, அதுதான் சங்கடம். மாடிக்கூடத்தில் கல், வெண்கலம், மரம், ஃபைபர், இவைதான் வழக்கம். நாரும் கயிறும் கீழ்க்கூடத்தில். அங்கே மிதியடிக்கும் உறிக்கும் நடுவில் அருமையான இடம் காலியாக இருக்கிறது. நாளைக் காலை திறப்பு, அதற்குள் இறக்கிவிடலாம். நான் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். ஏன் என் கையெழுத்து என்றால் விதி ஏழு. முத்திரையிட்ட சீட்டில் உள்ள எதையும் படைப்பாளி எழுதிக் கேட்காமல் மாற்றுவதற்கில்லை. விதியை மீறுகிற மனுஷர் இல்லை அவர், விதிக்குள்ளேயே என்னைக் கீழே அனுப்பப் பார்க்கிறார். சீட்டைக் காட்டினார். "உங்க பேருக்கு மேலயே பிழைன்னு நிக்குது பாருங்க. நீங்க வேற புரூஃப் பாத்தவங்க. எப்படித்தான் பொறுத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்களோ." படிவத்தை நீட்டினார். திருத்தக் கோரிக்கை. படைப்பின் பெயர், பிரிவு, பொருள், மூன்று வரி, அடியில் ஒரே கையெழுத்து. "பெயர் வரிய மட்டும் நிரப்பிக் குடுத்தா?" என்று கேட்டேன். "குடுக்கலாம். ஆனா படிவம் உள்ள வந்துட்டா குழு முழுசாப் பாக்கும்மா. பாத்தா பிரிவையும் பாக்கத்தானே செய்யும்." ஆகப் பிழையைத் திருத்தினால் சிற்பம் போய்விடும், சிற்பம் வேண்டுமானால் பிழையோடு நிற்க வேண்டும். எனக்குச் சிரமம் வேண்டாமே என்று பிரிவு வரியில் அவரே பென்சிலால் மெல்ல எழுதியும் வைத்திருக்கிறார், கைவிணை என்று. மூன்று சுழி. அந்த மூன்றாவது சுழி என் மடியில் உட்கார்ந்துகொண்டு சுண்டுவிரலைச் சொறிய வைக்கிறது.

இத்தனைக்கும் காரணம் குதிரை. பக்கத்தில் கலியமூர்த்தியின் குதிரை நிற்கிறது, முன்னங்கால் தூக்கிய வெள்ளைக் குதிரை, ஃபைபர் சிலை, கோயில் திருவிழா, கல்யாண மண்டபம், நகைக்கடைத் திறப்பு, எங்கும் நிற்கக்கூடிய குதிரை. நேற்று மாலை கலியமூர்த்தி அதைத் துணியால் துடைத்துக்கொண்டே செயலாளரிடம் சொன்னது என் காதில் விழ வேண்டும் என்றுதான் சொன்னது, "சார், குதிர வைக்கப்போரப் பாத்துட்டு நிக்கிற மாதிரி இருக்கு. வர்றவன் சிரிப்பான் சார்." கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், நன்றாகத்தான் இருந்தது, அதற்காக நான் ஒத்துக்கொண்டேன் என்று ஆகிவிடுமா. ஃபைபர் என்கிற சொல்லுக்கு அகராதியில் என்ன பொருள் என்று அவரிடம் கேட்டிருக்க வேண்டும். நார். வேறொன்றும் இல்லை, நார்தான். கண்ணாடி நாரைப் பசையில் தோய்த்து அச்சில் ஒட்டி வெள்ளையடித்தால் சிற்பம், மாடி. தென்னை நாரைக் கையால் முறுக்கி நிறுத்தினால் மிதியடி, கீழ்த்தளம். இங்கிலீஷில் சொன்னால் மேலே ஏறிவிடுகிற பொருள் தமிழில் சொன்னதும் படியிறங்குகிறது. பழந்தமிழில் நாருக்கு அன்பு என்றும் ஒரு பொருள் உண்டு, அதைச் செயலாளரிடம் சொன்னால் கண்ணாடியை மறுபடியும் துடைப்பார். போகட்டும், கலியமூர்த்தியிடம் அன்பாக இருக்க இப்போது நேரமில்லை, மணி பதினொன்று இருபது.

கால் மணி நேரம் போனதே தெரியவில்லை, கை மட்டும் ஏதோ செய்துகொண்டிருக்கிறது, என்ன செய்கிறது என்று பார்த்தால் முதுகின் அடியில் ஒரு வாழை நார் பிரிந்து வந்திருக்கிறது, நாற்காலியில் இருந்தபடியே அதைப் பிடித்துத் திருகிக்கொண்டிருக்கிறேன். எங்கிருந்து வந்தது இது. இடுப்புக்கு மேலே முடிச்சு விட்டுப்போயிருந்தால் வரிசையாக வரும், பிரிந்தால் பிரிந்துகொண்டே போகும், நாளைக்குத் திறப்பு விழாவில் எல்லோரும் கைதட்டும்போது ஒவ்வொரு இழையாக உதிர்ந்து தரையில் ஒரு குப்பையும் மேலே ஒரு வளையமும் மிஞ்சும். இல்லை, அப்படிப் பிரியாது, நானே முறுக்கியது. ஒவ்வோர் இழையையும் தனித்தனியாக வலப்பக்கம் முறுக்க வேண்டும், பிறகு இரண்டையும் சேர்த்து இடப்பக்கம் முறுக்க வேண்டும். இரண்டுமே பிரிந்து ஓடத்தான் பார்க்கின்றன, ஒன்றின் ஓட்டம் இன்னொன்றை இறுக்குகிறது. கயிறு என்பதே ஒரு பிடிவாதம்தான், ஓர் இழை சரி என்று தளர்ந்துகொடுத்த நிமிஷம் மற்றதும் நாராகிவிடும். காலையில் செயலாளர் "ஏம்மா இப்படி முறுக்கிக்கிறீங்க" என்று கேட்டபோது இதைச் சொல்லியிருக்கலாம், அப்போது தோன்றவில்லை, எனக்குப் பதில்கள் எப்போதும் அரைமணி தாமதமாக வரும். உள்ளே தண்டுவடம் பனை நார், வளைத்தால் வளையும், விட்டால் பழையபடி நிமிரும். அதன் மேல் விலா மாதிரித் தென்னங்கயிறு. தோளுக்கு எருக்கு நார், பால் பட்டுக் கை இரண்டும் ஒரு மாதம் அரித்தது. மேல்தோல் முழுக்க வாழை, முசிறிப் பக்கம் தார் வெட்டின பிறகு சாய்த்துப்போட்ட மரங்களிலிருந்து உரித்து வந்தது, ஈரம் காயும்போது அது தானாக இழுத்துச் சுருங்கி, நான் நினைக்காத இடத்திலெல்லாம் தசை போல முண்டியது. பதினோரு மாதம். வீட்டுக்காரர் சிவகுருநாதன் பஸ்ஸில் நடத்துநராக இருந்தவர், நடுக்கூடத்தில் அது வளர வளர ஒதுங்கி ஒதுங்கிப் போய்வந்தார், "உள்ள போங்க, உள்ள போங்கன்னு ஊரையே தள்ளினேன், என்னைய இது தள்ளுது" என்றார். டெம்போவில் ஏற்றிவிட்டுக் கடைசியாகச் சொன்னது, "பரிசு கெடச்சா அங்கயே விட்டுட்டு வந்துரு. கெடைக்காட்டியும்." முதுகு யாருடையது என்று அவர் மட்டும் கேட்கவில்லை. இருபத்தொன்பது வருடம் மேஜை மேல் கவிழ்ந்திருந்த முதுகு, எதிரே வந்து நின்றவர்களுக்குக்கூட முகம் தெரியாது, உச்சந்தலையும் முதுகும்தான், "அந்தம்மாகிட்டக் குடு" என்று தாளை நீட்டுவார்கள், பேரும் தேவைப்படவில்லை. அதனால்தான் எந்தப் பக்கம் வந்தாலும் முதுகு. முகம் வேண்டுமா, இப்போது நான் காட்டுவதாக இல்லை. ஆனால், இது பதினொன்று முப்பத்தைந்துக்கு வருகிற ஆனால், ஒருவேளை அவர்கள் சொல்வதே சரியாக இருந்தால். நான்கடி தள்ளி நின்று கண்ணை இடுக்கிப் பார்த்தால் மிதியடியைச் சுருட்டி நிறுத்தினது போலத்தான் இருக்கிறதா. கண்ணை இடுக்கிப் பார்த்தேன். இருக்கிறது. இடுக்காமல் பார்த்தால் இல்லை. கண்ணை இடுக்கினால் குதிரைகூட இட்லிக் குண்டான்தான்.

பயம் அதில்லை, தில்லைநாயகம்தான் பயம். அச்சகத்தில் எதிர் மேஜையில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்திருந்த மனுஷர், நான் பார்த்து முடித்த தாளை எடுத்து மறுபடியும் பார்ப்பார், வேலைக்காக இல்லை, வேட்டைக்காக. அகப்பட்டது ஒரே ஒரு தடவை. லால்குடிக் கல்யாணப் பத்திரிகை, மணமக்களை வாழ்த்த வருக என்று இருக்க வேண்டியது மணமக்களை வீழ்த்த வருக என்று அச்சாகி ஐந்நூறு பிரதியும் ஊர் ஊராகப் போய்விட்டது. அன்றைக்கு அவர் பத்திரிகையை என் மேஜையில் வைத்து, "வீழ்த்தப் போகலியாம்மா? முகூர்த்தம் ஒன்பதுக்கு" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு பணி ஓய்வு நாள் வரைக்கும் நான் எந்தப் பிழையைப் பிடித்தாலும் எதிர் மேஜையிலிருந்து ஒரு தொண்டைச் செருமல். நாளைக்குத் திறப்பு விழாவுக்கு அவர் வருகிறார், நானே அழைப்பு அனுப்பினேன், என்ன திமிர் எனக்கு. வருவார், முதுகைப் பார்க்கமாட்டார், நேரே சீட்டுக்குப் போவார், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிவார், பிழைச் சிற்பம், தையல்நாயகி, உறையூர். மெதுவாகத் திரும்புவார். அந்தத் திரும்பலை என்னால் பார்க்க முடியுமா. முடியாது. ஒரு ப்தானே, எடுத்துவிட்டால் போயிற்று, கீழ்க்கூடத்துக்கு என்ன குறைச்சல், காற்றோட்டம் இருக்கிறது, மிதியடி பின்னுகிற பெண்கள் மேலே இருக்கிறவர்களைவிட நன்றாக முடிச்சுப் போடுகிறார்கள். அவர்களோடு இருப்பது இறக்கமில்லை. இல்லைதான். இறக்கம் இல்லை என்று சொல்லி என்னை இறக்குகிறார்களே, அதுதான். மூடியைக் கழற்றியிருக்கிறேன், சிவப்புப் பேனா கையில் இருக்கிறது, எப்போது எடுத்தேன். பெயர் வரி. இழைச் சிற்பம் என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டால் நாளைக்குத் தில்லைநாயகத்துக்கு ஒரு வேலையும் இல்லை. லால்குடித் தம்பதி ஒவ்வொரு பொங்கலுக்கும் எனக்கு வாழ்த்து அட்டை அனுப்புகிறார்கள். வீழ்த்தப்பட்ட நாங்கள் நலம் என்று போட்டு. இரண்டு பெண்கள், ஒரு பேத்தி. அந்த ஐந்நூறு பேரில் ஒருவர்கூட அவர்களை வீழ்த்தவில்லை.

"அக்கா, டீ." ரெஜினா. காகிதக் கோப்பையை நாற்காலியின் கைப்பிடியில் வைக்கப் பார்த்து, நிற்காது என்று தெரிந்து என் கையில் கொடுத்தாள். படிவத்தை எட்டிப் பார்த்தாள், பேனாவைப் பார்த்தாள். "எழுதிட்டீங்களாக்கா?" "இன்னும் இல்ல." "என்னாலதான இவ்வளவும். நான் வேணா புதுச் சீட்டு ஒன்னு அடிச்சு, யாருக்கும் தெரியாம ஒட்டிரட்டுமா? முத்திரை என்கிட்டதான் இருக்கு." "இருக்கட்டும்." சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று கேட்டது. அச்சகத்தில் தவறாகக் கோடிட்டு அடித்துவிட்ட சொல்லை மீட்பதற்கு அடியில் புள்ளி புள்ளியாக வைத்து ஓரத்தில் எழுதுவோம், இருக்கட்டும். எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பேன், எல்லாம் அடுத்தவர் சொல்லுக்கு. ரெஜினா முதுகைத் தொட்டுப் பார்த்தாள், யாரும் கவனிக்கிறார்களா என்று ஒரு பார்வை, பிறகு உள்ளங்கையை முழுதாக வைத்தாள். "கீழ கொண்டு போனா ஆளுக்கு ஒரு நாரப் பிச்சிப் பாப்பாங்கக்கா. இங்கயே பொழச்சுக் கெடக்கட்டும், விடுங்க." போய்விட்டாள். பொழச்சு. இங்கேயே பிழைத்துக் கிடக்கட்டும். பிழைத்து. கோப்பை சூடாக இருக்கிறது, மாற்றிப் பிடிக்கத் தோன்றவில்லை. ஆபரேஷன் முடிந்து வருகிறவனைப் பிழைத்தான் என்கிறோம். என்ன பிழைப்பு நடத்துகிறாய் என்று கேட்கிறோம். பிழை திருத்திப் பிழைத்தவள் என்று என்னைப் பற்றி அச்சகத்தில் ஒரு கேலி உண்டு, நானும் சிரித்திருக்கிறேன், இருபத்தொன்பது வருடம் அந்தச் சொல்லின் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டு மறுபக்கத்தின் மேல் உட்கார்ந்திருந்தேன். தவறுவதற்கும் உயிரோடு மிஞ்சுவதற்கும் இந்த மொழி ஒரே சொல்லை வைத்திருக்கிறது, யார் வைத்தார்களோ, விவரமான ஆள். எழுந்து சீட்டுக்குப் பக்கத்தில் போனேன். பிழைச் சிற்பம். இல்லை, இப்படி இருந்தால் அந்தப் பொருள் வராது. ச் வந்துவிட்டால் பிழை பெயர்ச்சொல், தவறான சிற்பம், தவறைப் பற்றிய சிற்பம், எப்படிப் புரட்டினாலும் தவறுதான். பிழைத்தல் என்கிற பொருள் வேண்டுமானால் வினைத்தொகை, வினைத்தொகையில் ஒற்று மிகாது. சுடுசோறு என்கிறோம், சுடுச்சோறு என்று யார் சொல்கிறார்கள். சுட்ட சோறு, சுடுகின்ற சோறு, சுடும் சோறு, மூன்று காலமும் அதற்குள்ளேயே. பிழை சிற்பம். பிழைத்த சிற்பம், பிழைக்கின்ற சிற்பம், பிழைக்கும் சிற்பம். காலையில் சரியாக விழுந்திருக்கிறது என்று மகிழ்ந்தேனே, அந்த ச், அதுதான் இந்தச் சீட்டில் இருக்கிற ஒரே பிழை.

பன்னிரண்டு அடிப்பதற்கு முன்பே ஆராவமுதன் வந்துவிட்டார், பின்னால் மரப்பெட்டி தூக்குகிற இரண்டு ஆட்களும், தயாராக. "என்னம்மா, எழுதியாச்சா?" படிவத்தை நீட்டினேன். பார்த்தார், திருப்பிப் பார்த்தார். பெயர் வரி வெறுமை, பொருள் வரி வெறுமை, கையெழுத்து இல்லை. பிரிவு வரியில் மட்டும் அவருடைய பென்சில் எழுத்தில் மூன்று சுழி ணவை அடித்து இரண்டு சுழி னவாகச் சிவப்பில் திருத்தியிருந்தேன், அதை மட்டும் விட்டுவிட்டு வர மனசு இல்லை. "கையெழுத்து?" "போடலீங்க." "அப்ப உங்க பேருக்கு மேல பிழைன்னுதான் நிக்கும்." "நிக்கட்டும்." சீட்டைக் காட்ட விரலை நீட்டியவர் அப்படியே நின்றார். கண்ணாடியைக் கழற்றவில்லை, கிட்டப் போய்ப் பார்த்தார். "இதுல ஏதோ அடிச்சிருக்கு." "நான்தாங்க. ஒரு ஒற்று அதிகமா இருந்துச்சு." "முத்திரை குத்தின சீட்டும்மா இது. படைப்பாளி எழுதிக் கேக்காம…" "படைப்பாளியே எழுதிட்டேனே." "குழுவுக்குப் போகணும். படிவம் வேணும்." "பேர்ல சிற்பம் அப்படியே இருக்கு, பிழையும் அப்படியே இருக்கு. பிரிவு மாறல, பொருள் மாறல. உங்க படிவத்துல ஒற்றுக்கு வரியே இல்லீங்க." மூன்று வரிகளையும் விரல் வைத்து எண்ணினார், நேர்மையான மனுஷர், நான்காவது வரி அகப்படுமா என்று பின்பக்கத்தையும் பார்த்தார். பெட்டி ஆட்களில் ஒருவர், "தூக்கவா, வேணாமா சார்?" என்றார். குதிரையின் பக்கத்திலிருந்து கலியமூர்த்தி ஏதோ சொல்லத் தொடங்கினார், செயலாளர் கையமர்த்தினார். "ஒரு எழுத்த எடுத்துட்டா ஆச்சா? என்னம்மா மாறிடுச்சு இதுல?" நாளைக்குத் தில்லைநாயகமும் இதையேதான் கேட்பார், குனிந்து பார்த்துவிட்டு மெதுவாகத் திரும்பி, இங்க ஒரு ச் விட்டுப்போச்சே என்பார், தொண்டையைச் செருமுவார். வரட்டும். ஒரே சொல்லில் பதில் வைத்திருக்கிறேன், வினைத்தொகை, இந்தத் தடவை ஒரு நாள் முன்னதாகவே. பிரிந்து தொங்குகிற வாழை நாரை மட்டும் விரலால் மேலே செருகினேன், அது நிற்காமல் மறுபடியும் தொங்கியது, அதுவும் இருக்கட்டும். "அம்மா, உங்களத்தான் கேக்கறேன்" என்றார் ஆராவமுதன். நான் பேனாவை மூடிக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். இப்போது அவர் எதிரே இரண்டு முதுகுகள் இருந்தன.